மூட்டைக் கணக்கு

மணலைச் சலித்தது மகள். மூட்டையைத் தைத்தது அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலை, பின்வாசல் படியருகே பழைய போர்வை ஒன்றை விரித்து, நடுவில் சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னொரு கைப்பிடி போடு."

"போட்டா நாப்பது கிராம் கூடும்மா."

"நாப்பது கிராமுக்கெல்லாம் ஏரோப்ளேன் விழுந்துடாது."

"அப்புறம் எதுக்குத் தராசு? குத்துமதிப்பா கட்டி அனுப்பிட வேண்டியதுதானே."

"வாயைப் பாரு. உன்னைக் கூப்பிட்டதுக்கு நானே ரெண்டு கையாலயும் செஞ்சிருப்பேன். இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

மகள் அந்த நாற்பது கிராமை ஸ்பூனால் அள்ளி வெளியே போட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தாள். பழைய விமானங்களை மூடி வைத்திருந்த கித்தான் கிழிந்துபோனால் அதைத் தூக்கிப்போட விடமாட்டாள் அம்மா. வெட்டி, மடித்து, பையாகத் தைத்து, மணல் நிரப்பி வைத்துக்கொள்வாள். ஒவ்வொன்றும் சரியாக ஐந்து கிலோ. விமானத்தில் ஒரு பக்கம் எடை குறைந்தால் சமன் செய்வதற்கு அந்த மூட்டைகள். வருடா வருடம் கோடை முகாமுக்கு முன்னால் பிய்ந்ததை மாற்றி, குறைந்ததை நிரப்பி வைப்பது அவள் வேலை. யாரும் சொல்லிக் கொடுத்த வேலையல்ல.

மகள் வேலை பார்த்தது அளவுக் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில். தொழிற்சாலைகளிலிருந்து வரும் தராசு, அழுத்தமானி, வெப்பமானி எல்லாம் அவள் மேசைக்கு வரும். எது எவ்வளவு பொய் சொல்கிறது என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுவாள். ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லையென்றால் அவளுக்குக் கை அரிக்கும்.

அன்றைக்கும் அரித்தது. அம்மாவின் தகரப் பெட்டியில் போன வருட முகாமின் எடைத் தாள் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். மூன்றே பத்திகள். பெயர், வகுப்பு, மூட்டை.

"அம்மா, ஒரு மூட்டைன்னா எத்தனை கிலோன்னு இதுல எங்கயுமே இல்லையே."

"எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாரும்தான். இருபது வருஷமா வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் தெரியும்."

"புதுசா ஒருத்தர் வந்தா?"

"வந்தா கேப்பாங்க. வாய் இருக்கில்ல?"

"கேக்கலைன்னா? மூட்டை மேலயாவது எழுதி வைம்மா."

அம்மா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "சரி தாயே. பெயின்ட் வாங்கி எழுதிடறேன். இப்ப அந்த மணலைச் சலிக்கிறியா, இல்ல அதுக்கும் ஏதாவது ரூல்ஸ் இருக்கா?"

அவர்கள் சேர்ந்து செய்த சாதாரண வேலைகளில் அதுதான் கடைசி. அதற்குப் பிறகும் அம்மா ஏழு மாதம் இருந்தாள். ஆனால் எதுவும் சாதாரணமாக இல்லை.

*

ஃப்ளையிங் கிளப்பில் அம்மாவின் பதவி உதவியாளர். அந்த ஒரு சொல்லுக்குள் சாவிக்கொத்து, டீ, துடைப்பம், கோப்புகள், விமானங்களை நிறுத்தும் ஹாங்கரின் பெரிய இரும்புக் கதவு எல்லாம் அடங்கும். கோடையில் பத்து நாள் முகாம் நடக்கும். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுவரை பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள். காலையில் வகுப்பு. பிறகு இன்ஜினைக் கழற்றிக் காட்டுவார்கள், மரத்தக்கையில் சின்ன விமானம் செய்யச் சொல்வார்கள். கடைசி இரண்டு நாள் நிஜமாகவே பறக்கலாம். நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம். பைலட்டும் மூன்று பிள்ளைகளும். கால் மணி நேரம். அதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் எடை போட்டாக வேண்டும்.

முதல் வருட முகாமில் ஓர் இளம் பயிற்சியாளர் எடை மெஷின் பக்கத்தில் நின்று எல்லோர் எடையையும் சத்தமாகப் படித்தார். "முப்பத்தொன்பது." "நாற்பத்து நாலு." அப்புறம் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி ஏறினாள். "அறுபத்தெட்டு." வரிசையில் எவனோ சொன்னான்: "லாரி வருது, வழி விடுங்கடா." முப்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்தார். அந்தப் பெண் இறங்கி நேராகக் கழிவறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அன்றைய வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகுதான் வெளியே வந்தாள்.

அவள்தான் மகள்.

அன்று சாயங்காலம் அம்மா சமாதானம் ஏதும் சொல்லவில்லை. அவளுக்குச் சமாதானம் சொல்ல வராது. மறுநாள் காலை மெஷினின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தாளைப் பயிற்சியாளர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, தானே நின்றாள். பக்கத்தில் மணல் மூட்டைகளை அடுக்கி வைத்தாள்.

"முதல்ல யாரு? நீயா? ஏறு. எட்டு மூட்டை. இறங்கு."

"மூட்டையா? கிலோ எவ்ளோ ஆன்ட்டி?"

"கிலோ எல்லாம் கத்திரிக்காய்க்கு. ஏரோப்ளேனுக்கு மூட்டைதான். எட்டு மூட்டைக்காரங்க எல்லாம் ஓரமா நில்லுங்க, காத்து அடிச்சா உங்களைத் தேடிப் பிடிக்க என்னால ஆகாது. அடுத்து யாரு? பாப்பா, நீ வா. பதிமூணரை. பாத்தீங்களாடா? இவ ஒருத்தி உக்காந்தா போதும், ப்ளேன் ஆடாம போகும்."

மத்தியானத்துக்குள் தங்களுக்கு மூட்டை போதவில்லையே என்று ஒல்லிப்பிள்ளைகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். மகள் அன்று பறந்தாள். அம்மாவுக்கு மூட்டையம்மா என்று பேர் வந்தது. இருபது வருடம் அந்தக் கணக்கு நடந்தது. பயிற்சியாளர்கள் ஐந்தால் பெருக்கிக்கொள்வார்கள். ஒருவர் போனால் அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுப் போவார். ஒரு முறைகூடத் தப்பு வரவில்லை.

அளவியலில் அதற்கு ஒரு விளக்கம் உண்டு. தப்பு வரவில்லை என்பதும் தப்பில்லை என்பதும் ஒன்றல்ல. மகள் அதைப் படித்துத் தேர்வு எழுதியவள்.

*

மகள் அலகு கேட்ட அந்த வருடம் புதிய தலைமைப் பயிற்சியாளர் வந்திருந்தார். கேப்டன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். முந்தையவர் அவசரமாக வேறு ஊருக்குப் போனதால் சொல்லிவிட்டுப் போக ஆள் இல்லை. கேப்டனுக்கு எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். கித்தான் மூட்டைகளைப் பார்த்து முகம் சுளித்தார். கடையில் இருபது புது மூட்டை வாங்கிப் போட்டார். ஆரஞ்சு நிறம், கைப்பிடி வைத்தது, ஒவ்வொன்றும் நான்கு கிலோ.

"சார், இதுக்குப் பொட்டு ஒண்ணுதான் வைக்கலை," என்றாள் அம்மா.

அவர் சிரிக்கவில்லை. டீ கொண்டுவருபவளிடம் பேச்சு வளர்க்கும் ஆள் இல்லை அவர். அம்மா ஆரஞ்சு மூட்டைகளைத் தன் மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே, எடை மெஷினை ஒட்டி அடுக்கினாள். அவளுக்கு மூட்டை என்றால் தான் தைத்தது. புதிதாக வந்தது சும்மா அடுக்கி வைத்திருக்கும் சாமான்.

கேப்டனின் வசதிக்காக முகாமையும் இரண்டு நாள் முன்னதாக ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா அலைந்த அலைச்சலில் சாப்பிட்டதே சந்தேகம்.

ஒன்பதாம் நாள், மூன்றாவது சுற்று. தாளில் மூன்று பேர்: ஒன்பது மூட்டை, பத்து மூட்டை, பன்னிரண்டு மூட்டை. மொத்தம் முப்பத்தொன்று. கேப்டன் நான்கால் பெருக்கினார். நூற்று இருபத்து நான்கு கிலோ. உண்மையில் நூற்று ஐம்பத்தைந்து. தனக்கு இடம் மிச்சமிருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் எரிபொருள் போட நிற்க வேண்டாம் என்று டாங்க்கை முழுக்க நிரப்பச் சொன்னார்.

மத்தியான வெயில். வெயிலில் காற்று இளகும், இறக்கைக்குப் பிடிமானம் குறையும். போதாததற்குக் காற்று திசை மாறிப் பின்னாலிருந்து தள்ளியது. விமானம் ஓடியது, ஓடியது, ஓடுபாதையின் முக்கால்வாசி தாண்டியும் தரையை விடவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஓர் ஆள் உயரம் எழும்பி, மறுபடி உட்கார்ந்து, கம்பிவேலியைப் பிய்த்துக்கொண்டு புல்வெளியில் போய் நின்றது. முன்சக்கரம் மடங்கிப்போனது.

முதலில் ஓடியது அம்மாதான். ஐம்பத்தெட்டு வயது. செருப்பு ஒன்று ஓடுபாதையிலேயே கிடந்தது. இரண்டு பிள்ளைகளுக்கு உதட்டில் காயம், அவ்வளவுதான். மூன்றாவது, கண்ணாடி போட்ட பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. அம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். அந்தப் பெண் வலிக்கு அழவில்லை. கேட்டாள்:

"ஆன்ட்டி, நான் பன்னெண்டு மூட்டை. அதனாலயா?"

"இல்லடா கண்ணு. காத்து சரியில்ல. உனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

இதை அம்மா சொல்லி மகள் கேட்கவில்லை. கிளப் வாசலில் காவல் இருக்கும் கேட்காரர் பின்னால் சொன்னார்.

*

விசாரணை கிளப்பின் பெரிய அறையில் நடந்தது. நீள மேசை, பச்சை விரிப்பு. செயலாளர், ஓய்வுபெற்ற விமானி ஒருவர், ஓரமாகக் கேப்டன். இரண்டு நாள் முன்னால் செயலாளர் மகளுக்குப் போன் செய்திருந்தார். "நீங்க அந்தத் துறையிலயே இருக்கீங்க. நடுநிலையா ரெண்டு வார்த்தை சொன்னா அம்மாவுக்கும் நல்லதுதானே?"

மகள் நான்கு பக்கம் தயாரித்துக்கொண்டு போனாள். வெயிலுக்கு ஒரு பக்கம், காற்றுக்கு ஒன்று, டாங்க்குக்கு ஒன்று, தாமதமாக எடுத்த முடிவுக்கு ஒன்று. கணக்கில் விட்டுப்போன முப்பத்தொரு கிலோ தனியாக ஒரு விமானத்தை வேலிக்குள் தள்ளாது என்பதை எண்களோடு காட்டியிருந்தாள். கோப்பில் வைத்திருந்தாள். கேட்டால் எடுக்கலாம் என்று.

அம்மா எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். விசாரணை அவளைப் பற்றியதுதான். ஆனாலும் டீ அவள் வேலை.

செயலாளர் எடைத் தாளை நகர்த்தினார். "இதுல அலகு இருக்கா?"

"இல்லை."

"இந்த மாதிரி ஒரு தாள் உங்க லேபுக்கு வந்தா ஏத்துப்பீங்களா?"

"மாட்டோம்."

"ஏன்?"

"அலகு இல்லாத எண் அளவே இல்லை. தவறு அதை எழுதியவருடையது."

கேட்டது ஏன் என்று மட்டும்தான். முதல் வாக்கியம் போதும். இரண்டாவது வாக்கியம் தானாக வந்தது, அறிக்கையில் எழுதி எழுதிப் பழகிய கை மாதிரி வாயும் பழகிவிட்டது. எழுதியவர். அந்த நேரத்தில் எழுதியவள் மகளின் முழங்கைக்குப் பக்கத்தில் டீயை வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ஓய்வுபெற்ற விமானி நல்ல மனிதர். அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, பேசாம கிலோவுலயே எழுதியிருக்கலாமே? எதுக்கு இந்த மூட்டைக் கணக்கு? ஏதாவது காரணம் உண்டா?"

அம்மா ஒரே ஒரு தடவை மகளைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள்.

"பழக்கம் சார்."

மகள் சொல்லியிருக்கலாம். காரணம் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது, அறுபத்தெட்டு கிலோ, பதிமூன்றரை மூட்டை என்று. அவள் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். செயலாளர் கோப்பை மூடினார். நான்கு பக்கங்களையும் யாரும் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது அவளுடைய பயிற்சி.

பத்து நாளில் முடிவு வந்தது. கேப்டனுக்கு எச்சரிக்கை. அம்மா நாளையிலிருந்து வர வேண்டாம். கடிதத்தைக் கொடுக்கும்போது செயலாளர் வருத்தப்பட்டுக்கொண்டாராம். "நாங்க என்னம்மா செய்யறது? உங்க பொண்ணே சொல்லிட்டாங்க."

*

அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் மகளும் திருப்பித் திட்டியிருப்பாள், இரண்டு நாளில் சரியாகியிருக்கும். அந்த வீட்டில் சண்டைகள் அப்படித்தான் தீரும். இது சண்டையாகவே ஆகவில்லை.

மாறியது ஒன்றுதான். முன்பெல்லாம் அம்மா சமையலறையிலிருந்து "உப்பு ரெண்டு போடு" என்பாள். இப்போது "உப்பு ரெண்டு," என்று ஆரம்பித்து, நிறுத்தி, "டீஸ்பூன்" என்று முடிப்பாள். "தண்ணி மூணு... டம்ளர்." "பத்து... நிமிஷத்துல வந்துடறேன்." குத்திக் காட்டுகிறாளா, நிஜமாகவே பயந்துவிட்டாளா என்று மகளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மாவின் குரலில் இரண்டுக்கும் ஒரே அளவுதான் இருந்தது.

ஒரு நாள் மகள் வாயைத் திறந்தாள். "அம்மா, அன்னைக்கு நான் சொன்னது—"

"சரியாத்தானே சொன்னே."

"அதில்லம்மா. வேற நாலு காரணம்—"

"சரியாத்தான் சொன்னே பாப்பா. பால் பொங்குது பாரு."

பால் பொங்கவில்லை. மகள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அதற்குள் அம்மா துணி மடிக்கப் போயிருந்தாள்.

மற்ற நாட்களில் அவள் சும்மா இருந்தாள். அதற்கு முன் மகள் அம்மாவைச் சும்மா பார்த்ததே இல்லை. காலையில் ஏழரை மணிக்குக் குளித்துத் தலைவாரி, கிளப்புக்குப் போகிற மாதிரி தயாராகி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். வானத்தில் சின்ன விமானச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கமாட்டாள். யார் ஓட்டுகிறார்கள் என்று சத்தத்தை வைத்தே முன்பு சொல்லக்கூடியவள்.

ஒரு காலையில் துணி காயப்போடும்போது கொடிக்கம்பியைப் பிடித்தபடியே சரிந்தாள். மருத்துவமனையில் ஊசி போடும் முன் நர்ஸ் அவசரமாகக் கேட்டாள். "இவங்க வெயிட் எவ்ளோ?"

மகளுக்குத் தெரியவில்லை. இருபது வருடம் ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் எடை போட்டவளை யாரும் எடை போட்டதில்லை.

"அம்பது... அம்பத்தஞ்சு இருக்கும்."

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"அம்பத்தஞ்சு."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். சாயங்காலம் அம்மா இறந்துபோனாள். அந்த எண்ணால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். அது மகள் வாழ்க்கையில் குத்துமதிப்பாகச் சொன்ன முதல் அளவு.

*

காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மகள் நான்கு பக்கங்களையும் கிளப்புக்கு அனுப்பினாள். விசாரணை அறிக்கையில் உள்ள ஒரு வரியை நீக்க வேண்டும் என்று கேட்டாள்: விபத்துக்குக் காரணம் உதவியாளரின் கவனக்குறைவு. மூட்டைக் கணக்கு ஏன் வந்தது என்பதையும் இந்த முறை எழுதினாள். தன் எடையையும், அன்றைக்கு இருந்ததை, எழுதினாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. விஷயம் முடிந்துவிட்டது. புதிய ஆதாரம் ஏதேனும் இருந்தால் ஒழியக் கோப்பைத் திறக்க இயலாது. தாயாரின் தகரப் பெட்டி ஒன்று இங்கே உள்ளது, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, எடுத்துச் செல்லவும்.

போனாள். கேட்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். ஹாங்கர் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க இரண்டு கித்தான் மூட்டைகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள். இன்னும் சில தார்ப்பாயின் மூலைகளில் கிடந்தன. ஒன்று பிரிந்து மணல் கொட்டியிருந்தது. தகவல் பலகையில் அடுத்த முகாமுக்கான விண்ணப்பம் ஒட்டியிருந்தது. எடை, கிலோகிராமில், மாணவரே குறிப்பிடவும்.

"உங்கம்மா பெட்டியை நான்தான் எடுத்து வெச்சேன்," என்றார் கேட்காரர். "தூக்கிப் போடச் சொன்னாங்க. மனசு வரல. அவங்க டீ குடிச்சு வளர்ந்த உடம்பு இது."

"திறந்து பாத்தீங்களா?"

"ஐயோ, இல்ல. அவங்க சாமானை அவங்க சொல்லாம தொட்டா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேப்பாங்களே. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

அங்கேயே, கேட் பக்கத்து பெஞ்சில் வைத்துத் திறந்தாள். தைக்கிற ஊசி, நூல்கண்டு, ஒரு விசில், இருபது வருடத் தாள்கள். மேலாக ஓர் அட்டை. முகாம் விளம்பர அட்டைதான். அதில் பிளேடால் ஓர் ஐந்தும், பக்கத்தில் கிலோ என்ற எழுத்துகளும் வெட்டப்பட்டிருந்தன. மூட்டை மேல் வைத்துப் பெயின்ட் தடவினால் எழுத்து விழும். ஓரங்கள் சுத்தமாக இருந்தன. பெயின்ட் பட்ட தடமே இல்லை.

அட்டைக்குப் பின்னால் அம்மாவின் கையெழுத்தில் ஒரு பட்டியல். மேலே தேதி. மூட்டை தைத்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாள்.

புதிய ஆதாரம் என்று கேட்டிருந்தார்கள். மகளின் மூளை பழக்கப்படி வேலை செய்தது. இதைக் கொடுத்தால் அம்மா அலட்சியமாக இருந்தவள் இல்லை என்று நிரூபிக்கலாம். அதே நொடியில் மறுபக்கமும் தெரிந்தது. இதைக் கொடுத்தால், எழுத வேண்டும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது, தெரிந்தும் எழுதவில்லை என்றும் நிரூபிக்கலாம். செயலாளர் எந்தப் பக்கத்தைப் படிப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. தானே அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் எதைப் படித்திருப்பாள் என்பதிலும் இல்லை.

"ஏதாவது முக்கியமானதாம்மா?" என்றார் கேட்காரர்.

"கடைச் சாமான் லிஸ்ட்."

அட்டையைப் பெட்டிக்குள் வைத்தாள். மூடுவதற்கு முன் இன்னொரு முறை படித்தாள். பெரிய ஊசி, டிக். கெட்டி நூல், டிக். மருந்துப் பெட்டிக்குப் பஞ்சு, டிக். விசில், டிக். டீத்தூள், டிக். கடைசி வரிக்குப் பக்கத்தில் மட்டும் எதுவும் இல்லை.

கறுப்பு பெயின்ட், சின்ன டப்பா, ஒண்ணு. பாப்பா சொன்னது.